மாதங்கி வாங்கிய ஞாபகம்

மாதங்கிக்கு அலுத்துவிட்டது. கோபம் இல்லை, நோய் இல்லை, வெறும் அலுப்பு. கல்யாணமாகித் தலைநகருக்கு வந்து லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியேறிய நாளிலிருந்து அந்த வீட்டின் ஞாபகம் முழுவதும் அவள் தலையில்தான் இருந்தது. காஸ் எப்போது புக் செய்தது, கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி என்ன, கோடை லீவில் ஊருக்குப் போக எந்தக் காலையில் ரிசர்வேஷன் திறக்கிறது, எல்லாம் அவளைத்தான் கேட்க வேண்டும். ஆபீஸிலும் அதே பாடுதான். அமைச்சகத்தில் ஓர் இணைச் செயலருக்கு அவள் பி.ஏ. அந்த மனிதர் தன் பல்லைப் பிடுங்க டாக்டர் கொடுத்த நாளைக்கூட அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

புருஷன் வைத்தி தங்கமான மனிதர். தணிக்கை அலுவலகத்தில் வேலை. ஊரார் கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் மோப்பம் பிடித்துவிடுவார். வீட்டு வாசலில் மட்டும் செருப்போடு சேர்த்து ஞாபகத்தையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். அவருடைய பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனால் அது மாதங்கியின் மறதி.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பும்போது சரோஜினி நகர் மார்க்கெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். இறங்கிய பிறகு, எதற்கு இறங்கினோம் என்று தெரியவில்லை. ஜனங்கள் இடித்துக்கொண்டு போக, கையில் டிபன் டப்பாவோடு அப்படியே நின்றாள். வீட்டுக்கு வந்து எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றைக்குத்தான் பயந்துபோனாள். தன் தலை இனித் தாங்காது என்று தோன்றியது.

செல்போனில் நமக்கு வருகிற அழைப்புக்கும் காசு பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய அதிகாரிகள் டிஜிட்டல் டைரி என்று ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். தேதியையும் விஷயத்தையும் அதில் போட்டு வைத்தால் அந்த நாளில் கூவி எழுப்பும். அதில் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவுசெய்து, காலேஜில் படிக்கும் மகள் ஸ்வப்னாவைக் கூட்டிக்கொண்டு எலெக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் நேரு பிளேஸ் போனாள்.

கடைக்காரன் மூன்று தினுசுகளை எடுத்து வைத்தான். ஸ்வப்னாவின் கண் விலை கூடினதில் போய் நின்றது. குச்சியால் திரையில் எழுத வேண்டும். ஆனால் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் அதுவே ஒரு கோணல் கோடு வைத்திருந்தது. நிமிஷத்துக்கு நூறு வார்த்தை சுருக்கெழுத்து எழுதிய கை மாதங்கியுடையது. இந்த வயசில் இன்னொரு சுருக்கெழுத்தா என்று அதைத் தள்ளிவிட்டாள். அடுத்தது அப்பளம்போல் மெல்லிசு. அதன் பொத்தான்களை அமுக்க நகம் வளர்க்க வேண்டும், படிக்கக் கண்ணாடி மாற்ற வேண்டும். மூன்றாவது கொஞ்சம் தடிமன். திறந்து மூடுகிற மாதிரி, பெரிய பொத்தான்களோடு, அடக்கமாக இருந்தது. ஒரு தேதியைப் போட்டால் வருஷா வருஷம் அதுவாகவே சொல்லுமா என்று கேட்டாள். ஒரு தரம் போட்டுவிட்டு ஜிந்தகி முழுக்க, ஆயுசுக்கும் மறந்துவிடலாம் என்றான் கடைக்காரன். மறந்துவிடலாம் என்று அவளுக்கு யாருமே அதுவரை சொன்னதில்லை. அதையே வாங்கினாள்.

சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அதற்குள் இறக்கினாள். மாமியாரின் ச்ராத்தம் மாசி மாதம் தேய்பிறைப் பஞ்சமி. அந்த வருஷம் அது மார்ச் முதல் வாரத்தில் வந்திருந்தது. அந்தத் தேதியைப் போட்டு, ஆர்.கே. புரம் வாத்தியாருக்குச் சொல்ல அவகாசம் வேண்டுமே என்று ஒரு வாரம் முன்னாலேயே கூவும்படி வைத்தாள். பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். அந்த ஒரு வருஷம் அவள் நிஜமாகவே நன்றாகத் தூங்கினாள்.

மறு வருஷம் பிப்ரவரிக் கடைசியில் ஆபீஸ் மேஜையில் டைரி கூவியது. உடனே வாத்தியாருக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம் ச்ராத்தம் என்று சொன்னாள்.

"பஞ்சமி போன வாரமே போயிடுத்தே மாமி. ஊர்ல இருக்கேளோ இல்லையோன்னு நெனச்சேன்."

திதி சந்திரனோடு போகிறது. இங்கிலீஷ் தேதிக்கு அது கட்டுப்படாது, வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே நகரும். இது மாதங்கிக்குத் தெரியாதா? பொழுது விடிந்தால் பஞ்சாங்கம் படிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். வருஷா வருஷம் அவளேதான் திதி பார்த்துக் குறிப்பாள். இந்த வருஷம் மெஷின் இருக்கிறதே என்று பார்க்கவில்லை. வருகிற அமாவாசையன்று செய்துவிடலாம், தோஷமில்லை என்று வாத்தியார் சமாதானம் சொன்னார். அவளுக்கு மனசு ஆறவில்லை. மாமியார் அவளிடம் பிரியமாக இருந்தவள்.

வைத்தி வந்ததும் சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அவர் திட்டவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அம்மாவுக்கு சஷ்டி இல்லையோ?"

"பஞ்சமி."

"அச்சா. மாசம் பங்குனிதானே?"

"மாசி," என்றாள் மாதங்கி. அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "போறது விடு. அமாவாசை என்னிக்குன்னு பார்த்து அதுல போட்டு வெச்சுடு. இது சரிப்படலேன்னா ஸ்வப்னா சொன்னாளே, அந்த ஒசத்தி மெஷினையே வாங்கிண்டுடு. நோக்கு சௌகரியமா இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஒன்றுக்கு மூன்றாகப் பார்த்துப் பொறுக்கி, விரல் வலிக்க வலிக்க எல்லாவற்றையும் போட்டதும் அவள், கூவினால் எழுந்து ஓடுவதும் அவள். இந்த வீட்டில் எந்த மெஷின் வந்தாலும் அதைச் சுமக்கப்போவதும் அவள்தான். உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"நான் போடப்போறதில்லே," என்றாள். "அவா உங்க அம்மா. அமாவாசை என்னிக்குன்னு பார்த்து நீங்களே ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

வைத்தி அவளையே பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் எழுந்து ஹாலுக்குப் போனார். படுக்கையறைக்குள் போய் விளக்கைப் போட்டார், அணைத்தார். பால்கனியைக்கூட எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மாதங்கி, நம்மாத்துல காலண்டர் எங்க மாட்டியிருக்கு?"

சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்று வாய்வரை வந்தது. அவள் சொல்லவில்லை. தேடட்டும் என்று காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.