மேவிஸ் தேய்த்துக் கழுவிய கவிஞன்

எங்கள் கல்லூரிக் கவிஞன் சலவைக்கல் சிலையாக, அம்மணமாகக் குப்புறக் கிடக்கிறான். கல்லூரி படகுப் போட்டியில் ஜெயித்த மறுநாள் அவன் புட்டம் சிவப்பாக இருக்கும். குடித்துவிட்டுப் பெயின்ட் அடிப்பது இங்கே படிக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைகள். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது துப்புரவுக்காரி மேவிஸ் டக்வெல். இருபத்திரண்டு வருஷம் கழுவினாள். பெயின்ட் அடித்த ஒருத்தனையும் கல்லூரி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதம் அவள் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். துப்புரவுப் பெண்கள் இனி பாய்லர் அறையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று அதில் எழுதியிருந்தாள். அன்று மாலையே வேலை போயிற்று. அவளிடமிருந்து சாவியை வாங்கி வைத்தது வாசல் காவல்காரனான நான்தான். வெட்கக்கேடு.

சனிக்கிழமை பார்வையாளர் நாள். நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு, டிக்கெட் வாங்கி, வரிசையில் வந்தாள். சிலைக்கு முன்னால் முதல்வர் உருகிக்கொண்டிருந்தார்.

"இவர் இங்க படிச்சப்போ நம்ம காலேஜத் திட்டி ஒரு கவிதை எழுதி, சாப்பாட்டுக் கூடத்துக் கதவுல ஒட்டினார். அதுக்குப்போய் அவர துரத்திட்டாங்க. எவ்வளவு பெரிய தப்பு! அவர் செத்தப்புறம்தான் இந்தச் சிலையையே வச்சோம்."

"அதே கதவுல ஒட்டினதுக்குத்தானே சார் என்னையும் துரத்தினீங்க?" என்றாள் மேவிஸ்.

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மிஸஸ் டக்வெல், அதப் பேச இது இடமில்ல" என்றார்.

"சரி, நான் செத்தப்புறம் பேசிக்கலாம். எனக்குச் சிலை வைக்கிறப்போ மட்டும் துணி போட்டு வைங்க. உங்க பசங்க எங்க பெயின்ட் அடிப்பானுங்கன்னு எனக்குத் தெரியும். கழுவப்போறவளும் என்னை மாதிரி ஒருத்திதான்."