எல்லாருக்கும் முதல் முன்னுரிமை

சந்தாபுரா பக்கத்தில், பம்புகளைச் சோதிக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனி ஒன்றில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து, பிறகு பஸ் பிடித்துப் போவேன். வேலை நிரந்தரமானால் சந்தாபுராவிலேயே குடியேறிவிடலாம் என்று திட்டம். அம்மா வீடே பார்த்து வைத்துவிட்டாள்.

அந்த இயந்திரத்தை ஓட்டும் புரோகிராமை எழுதியது நான். கம்ப்யூட்டருக்குள் நான்கு கோர்கள், அதாவது நான்கு மூளைகள். அவற்றில் பல லூப்புகள், திரும்பத் திரும்ப நடக்கும் வேலைகள், ஒரே சமயத்தில் சுற்றும். ஒன்று அழுத்தத்தை அளக்கும், ஒன்று சூட்டை, ஒன்று அதிர்வை, ஒன்று திரையில் கோடு வரையும். ஒவ்வொன்றும் தனக்குக் கொடுத்த நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஒரே கோரில் இரண்டு மோதினால் முன்னுரிமை எண் பெரிதாக உள்ளது ஓடும், மற்றது காத்திருக்கும்.

இதில் கௌரவம் எங்கே வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அழுத்தப் பிரிவின் மேலாளர் என் மேசைக்கு வந்து, அதிர்வுப் பிரிவுக்கு மட்டும் ஏன் பெரிய எண் என்று கேட்டார். கூட்டிக் கொடுத்தேன். அதிர்வுக்காரர் சும்மா இருப்பாரா? பின்னாலேயே சூட்டுக்காரரும் திரைக்காரரும் வந்தார்கள். புது லேஅவுட்டில் வீட்டுமனை பிடிக்கிற மாதிரி ஆளுக்கொரு கோரை வளைத்துப் போட்டார்கள். பிடித்த இடம் காலியாகத் தெரியக்கூடாதென்று அதில் வேண்டாத கணக்குகளை எல்லாம் திணிக்கச் சொன்னார்கள். நிறுத்து பட்டனைக் கவனிக்கும் லூப்புக்கு மட்டும் கேட்பாரில்லை. அதற்கு எல்லாவற்றிலும் சின்ன எண்.

இது ஆபத்து என்று டீம் லீடிடம் போய்ச் சொன்னேன். சேலத்துக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். நான்கு மேலாளர்களையும் பகைத்துக்கொள்ள முடியாது, ஓடுகிறவரை ஓடட்டும் என்றார்.

வாடிக்கையாளர் வந்த அன்று எல்லா லூப்பையும் ஒன்றாக ஓடவிட்டோம். அவர் திரையில் நிறுத்து பட்டனை அழுத்தினார். பம்பு நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். குழாய் இணைப்பு விட்டுப்போய் அவர் பேன்ட் நனைந்தது. நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். யார் எழுதிய புரோகிராம் என்று கேட்டார். டீம் லீடின் கை என்னைக் காட்டியது. மேலாளர்கள் நால்வருக்கும் அந்த நேரம் பார்த்துப் போனில் ஏதோ வந்திருந்தது.

கேன்டீனில் டீம் லீட் என்னை உட்காரவைத்து, "நீ இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்மா. நீ சொன்ன விதத்துல எனக்கு அது பெருசாத் தெரியல" என்றார். தட்டை எடுத்து அவர் மேல் வீசலாம் போல இருந்தது. சரி சார் என்றேன்.

நிறுத்து பட்டனுக்கு ஒரு கோரைத் தனியாக ஒதுக்கி எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். இந்த முறை ஒரு மேலாளரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சோதனையில் பம்பு ஒரே அழுத்தலில் நின்றதாம். என்னை உள்ளே கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கைதட்டலைக் கேட்டேன்.

அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். நிரந்தரம் என்று இப்போது பேச்செடுத்தால் பம்பு நிற்காத கதையைக் கிளப்புவார்கள் என்றார் டீம் லீட். கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய?

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அம்மா போன் செய்தாள். "வீட்டுக்காரரு கேக்கறாரும்மா. என்னா சொல்லட்டும்?"

"வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லும்மா" என்றேன்.