ஒட்டுத் தெரியாத படகு

இரண்டு கைகளாலும் இரும்புக் கேட்டின் மேல்கம்பியைப் பிடித்து, காலைத் தூக்கி, முழு எடையையும் போட்டுத் தொங்குகிறார் வெல்டர் அக்கா. இப்படித் தொங்கிப் பார்க்காமல் ஒரு கேட்டும் அவர் பட்டறையை விட்டுப் போனதில்லை. "என்னையே தாங்கிடுச்சு, இனி எவனைத் தாங்காது?" என்று இறங்குவார். வாங்க வந்தவர் சிரித்தால் அவரையும் தொங்கச் சொல்வார்.

வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எவரிடமும் கைகட்டி நிற்காமல், பக்கத்துப் பட்டறையை வேலி இடுக்கு வழியாகப் பார்த்தே தொழில் படித்தவர். அப்படி முன்னுக்கு வந்த கைக்கு ஒரு தெம்பு உண்டு. பட்டம் வாங்கியவர்களிடம் அதைத் தேடிப் பயனில்லை. கூடவே ஒரு திமிரும் உண்டு. ஒட்டிய இடம் கண்ணுக்கும் படக்கூடாது, விரலுக்கும் படக்கூடாது. "தழும்பு தெரிஞ்சா அது வேலையில்ல, காயம்" என்பார்.

அந்தத் திமிர்தான் போன மாதம் அவரை மாட்டிவிட்டது.

தொழிற்சாலையை மூடியதால் வீட்டில் உட்கார்ந்துவிட்ட கணவருக்காக, ஆற்றில் சரக்கு ஏற்ற ஒரு பழைய இரும்புப் படகு வாங்கினார். அடித்தகடு சல்லடை, விலையும் அடிமாட்டு விலை. அதற்கான விற்பனை வரியை அன்றே கட்டிவிட்டார். நான்கு மாதம் முதுகு ஒடியக் குனிந்து, பாதித் தகட்டை வெட்டி எறிந்து புதிது வைத்து, வண்ணம் பூசி இறக்கினார். ஓடி இரண்டு மாதம் ஆகவில்லை, வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இத்தனை நல்ல படகு இத்தனை குறைந்த விலைக்குக் கிடைத்திருக்க முடியாதாம். ஆறு மடங்கு விலை மதித்து மீதி வரி கேட்டிருந்தார்கள். கட்டாவிட்டால் படகின் பதிவு ரத்து.

கணவர் தலையில் கைவைத்தார். "ஏம்மா, அங்கங்க கொஞ்சம் அசிங்கமா விட்டிருக்கக்கூடாதா?"

"அதுக்குத்தான் உங்களை மேல உக்கார வச்சிருக்கேனே."

முறையிட்டதன் பேரில் ஒரு அதிகாரி வந்தார். கரையேற்றிய படகின் அடியில் டார்ச் அடித்து இரண்டு சுற்று சுற்றினார். "எல்லாம் ஒரே தகடாத்தான் தெரியுது. நீங்க மாத்தினதுக்கு என்னம்மா அடையாளம்?"

ஒட்டுத் தெரியவில்லை என்று கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"சிரிக்காதம்மா, பொழப்பே போகப் போகுது" என்று பல்லைக் கடித்தார் கணவர்.

"கண்ணை மூடுங்க சார்" என்று அக்கா சுத்தியலை எடுத்தார். பழைய தகட்டில் தட்டினால் 'தொப்'. ஒரு சாண் தள்ளிப் புதுத் தகட்டில் 'ணங்'. சத்தம் மாறும் இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே முன்முனையிலிருந்து பின்முனை வரை போனார்.

அதிகாரி பாதி நம்பிவிட்டார். இருந்தாலும் மேலிடத்துக்குச் சத்தத்தை அனுப்ப முடியாதே! கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இதோ, இங்க ஒரு சின்ன மேடு தட்டுப்படுது! இது போதும்மா. போட்டோ எடுத்துக்கிறேன், நீங்க வாங்கின விலையையே ஏத்துக்கலாம்."

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எங்க?" அக்கா குனிந்து தடவினார். முகம் சுண்டிப்போனது.

"சார், சீக்கிரம் எடுங்க சார்!" என்று கணவர் அலறியபோது, அக்கா முகமூடியைக் கண்ணுக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டு, மேட்டைத் தேய்க்கும் மெஷினைக் கையில் எடுத்திருந்தார்.