அருவியோடு போன கான்

நாங்கள் ஊர்காவற்றுறையில் இருக்கிறோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதனால் எங்கே போனாலும் வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்றும் கூட வரும். நல்ல தண்ணீரைக் கண்டால் நிரப்பாமல் திரும்ப மாட்டோம்.

சென்ற தவக்காலத்தில் பங்கு மக்களோடு மலைநாட்டுக்குப் போனோம். காலையில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் செபித்தபடி மலையேறி இறங்கினோம். பின்னேரம் பக்கத்திலிருந்த அருவிக்குப் போனோம். கடற்றொழில் செய்யும் என் கணவர் கானோடு நடுப்பாறைக்கே போய்விட்டார்.

“இஞ்சேருங்கோ, கவனம்!” என்றேன்.

“கடலில நிக்கிறவனுக்கு இது ஒரு தண்ணியே?” என்று சிரித்தார். வானமும் வெளித்திருந்தது.

எனக்கோ ஒரே யோசனை. இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வருகிறது? தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

“மேல் மலையில பெய்ற மழைதாங்க,” என்றவர் நிமிர்ந்து பார்த்தார். தூரத்து மலை கறுத்திருந்தது. “ஐயோ, அவர ஏறி வரச் சொல்லுங்க!”

கத்தினேன். அவர் கானைப் போட்டுவிட்டுக் கரையேறிச் சற்று நேரத்தில், செம்மண் நிறத்தில் பெருகிய வெள்ளம் அந்தப் பாறையையே மூடிவிட்டது. கான் போன இடம் தெரியவில்லை.

இப்போது புதிய இடத்தில் தண்ணீரில் இறங்குமுன் அந்த ஊர் ஆட்களைக் கேட்கிறோம். வெளியூர் ஆட்கள் எங்கள் கடலில் இறங்கினால், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று நானே ஓடிப்போய்ச் சொல்கிறேன். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருப்பதில்லை. அன்று என் கணவரும் யாரையும் கேட்கவில்லையே.