அண்ணாந்து குடித்த மாப்பிள்ளை

என் கல்யாணத்தன்று திருப்பலியில் தந்த திராட்சை இரசத்தை நான் அண்ணாந்து குடித்தவன். பிறவிக் கத்தோலிக்கன், நாலு புத்தகம் படித்தவன், செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். இத்தனை வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் திண்டுக்கல்லில் அக்கா மகன் கல்யாணம். பீடத்தில் பூசைக் கிண்ணம் ஜன்னல் வெயிலில் மினுங்கியதும், என் கை தானாகச் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தது.

எங்கள் வீட்டில் டம்ளரில் உதடு பட்டால் குற்றம். "ஏலே, எச்சி பண்ணாமக் குடிடா" என்று அப்பா சொல்லிச் சொல்லி, வத்தலக்குண்டு பஸ் குலுக்கலிலும் சொட்டுச் சிந்தாமல் குடிக்கிற வித்தை கைவந்திருந்தது. வேறு வித்தை எதுவும் வரவில்லை.

என் கல்யாணத்தன்று பாதர் கிண்ணத்தை முதலில் பெண்ணிடம் கொடுத்தார். ஒட்டன்சத்திரத்துப் பெண், என்னோடு அதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை. பக்தியோடு உதடு பொருத்திக் குடித்தாள். அடுத்து நான். தலை தன்னால் பின்னே சாய்ந்தது. டம்ளரின் வாய் வேறு, அந்த அகன்ற கிண்ணத்தின் வாய் வேறு என்பது மூக்கும் சட்டைக் காலரும் நனைந்த பிறகுதான் உறைத்தது. பாதர் பதறிப்போய்த் துணியால் என் மோவாயை ஒற்றியபடி, "வாய் வச்சுக் குடிங்க தம்பி, ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றார்.

ஆண்டவர் சொல்லவில்லை. பெண்ணின் முகம்தான் சுண்டிப்போனது. போட்டோவுக்கு நிற்கும்போது காதோரம் கேட்டாள்: "என்ற எச்சி அவ்வளவு ஆகாதுங்களா?"

"இல்ல... அது பழக்கம்..."

"இருக்கட்டுங்க."

அந்த 'இருக்கட்டுங்க'வோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டுமே என்று நினைத்தபடியே போட்டோவுக்குப் பல்லைக் காட்டினேன்.

பந்தியில் உட்கார்ந்தோம். அவள் இலைக்கும் அதற்கடுத்த இலைக்கும் நடுவில் பாதி குடித்த டம்ளர் ஒன்று இருந்தது. எட்டி எடுத்தேன். ஊரே பார்க்க விளிம்பில் உதடு பதித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவள் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பிழைத்தோம் என்றிருந்தது.

இப்போது பந்தியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கோயிலிலும் கொரோனாவுக்குப் பிறகு அப்பத்தை இரசத்தில் தோய்த்து நாவிலேயே வைத்துவிடுகிறார்கள். அண்ணாந்து குடிக்கிறவனும் இல்லை, ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பதும் இல்லை. அக்கா மகன் பந்தியில் இதையெல்லாம் உருகிச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரில் நான் குடும்பத்தைக் காப்பாற்றிய கதையையும் சேர்த்துக்கொண்டேன்.

என் மனைவி பாட்டில் மூடியைத் திருகியபடி சொன்னாள்: "அது எங்க சித்தப்பா குடிச்சு வெச்சதுங்க. என்ற டம்ளர் இந்தப் பக்கம் இருந்துச்சு."