நாற்பது விநாடிக்கு மேல் போகாதவர்

எங்கள் மாமாவை இசைக்குழு வட்டாரத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'அடுத்த மாடல்' என்று கேட்டால் மண்டபத்தில் ஒயர் இழுப்பவர்கூட விரலை நீட்டிக் காட்டுவார். என் அக்காவின் கணவர். எங்கள் குழுவில் அவர் கீபோர்டு, அக்கா பாட்டு, நான் பேஸ் கிடார். என் கிடாருக்கு நாலு கம்பி. அஞ்சு கம்பி கிடாரும் வந்துவிட்டதாம். வரட்டும்.

மாமாவின் கை நல்ல கை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். பாடுகிறவர் நடுவில் சுருதி மாறினால் மூன்றே சுரத்தில் அங்கே போய் நிற்பார், கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தக் கைக்கு மேலே ஒரு தலை இருக்கிறதே, அது எப்போதும் கடையில் இல்லாத கீபோர்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்.

அவரிடம் இருந்தது ஒரு 'ஒர்க்ஸ்டேஷன்'. ஒரே பெட்டிக்குள் ஆயிரம் வாத்தியம், தாளம், பதிவு செய்யும் வசதி எல்லாம் உண்டு. ஒருவரே நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் முழுப்பாட்டையும் செய்து முடித்துவிடலாம். மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பாதியை மட்டும் செய்தார். பத்து வருஷத்தில் அதற்குள் இருபத்து மூன்று பாட்டு போட்டார். ஒன்றும் நாற்பது விநாடியைத் தாண்டவில்லை. மூன்றாம் பாட்டு புல்லாங்குழல் சரியில்லை என்று நின்றது. எட்டாவது, டிரம்மில் தோல் சத்தம் வரவில்லை என்று நின்றது. பதினேழாம் பாட்டுக்கு முன்னால் வயலின் கூட்டம் ஒன்று வரும். அந்த ஒரு ஓசையை மட்டும் மூன்று வாரம் இழைத்தார். அப்புறம், "இதுல இவ்வளவுதான் வரும். அடுத்த மாடல்ல பார்த்துக்கலாம்" என்று மூடி வைத்துவிட்டார்.

கல்யாணமான வாரம் அக்காவிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "உனக்குன்னு ஒரு பாட்டு போடறேன். நீ மட்டும்தான் பாடணும்." அதற்குப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அக்கா மண்டபம் மண்டபமாக அடுத்தவர் பாட்டையே பாடிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் இசை மன்றத்தில் 'சொந்தப் பாடல் மாலை' என்று வைத்தார்கள். யாரும் இதுவரை பாடாத பாட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அக்கா பெயர் கொடுத்தாள், இடமும் கிடைத்தது. இரண்டு மாதம் இருந்தது.

"ரெண்டு மாசமா? ரெண்டு நாள் போதும்" என்றார் மாமா.

அந்த வாரமே வந்து தொலைந்தது அறிவிப்பு.

மாமா இருக்கும் வாட்ஸப் குரூப்பில் நாற்பது கீபோர்டுக்காரர்கள். புது ஒர்க்ஸ்டேஷன் வரப்போகிறது என்று ஒரு படமும் இரண்டு நிமிட வீடியோவும் வந்ததும் ஆளாளுக்கு ஒரு பிடி பிடித்தார்கள். திரை ஏழு அங்குலம்தானா என்றார் ஒருவர். திருகுகிற குமிழெல்லாம் பிளாஸ்டிக் என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார் இன்னொருவர். பழைய சவுண்டையே புதுப் பெட்டியில் போட்டு ஏமாற்றுகிறான் என்று ஒருவர் கொதித்தார். வீடியோவில் ஒரு தாடிக்காரர் அருமையாக வாசித்திருந்தார். அதில் பத்து விநாடிக்கு மேல் கேட்டவர் ஒருவரும் இல்லை என்று நான் எழுதியே தருவேன். குரூப்பில் ஒரு பேங்க் மேனேஜர் இருக்கிறார். நாலு கீபோர்டு வைத்திருக்கிறார், நாலுக்கும் உறை தைத்துப் போட்டிருக்கிறார். படுக்கையறையை விட்டு ஒன்றும் வெளியே வந்ததில்லை. அவர் கவலை, "இருபத்து மூணு கிலோவாமே, யார் தூக்கறது?" என்பது. மதியத்துக்குள் முந்நூறு மெசேஜ். இவ்வளவு திட்டியவர்களில் பாதிப் பேர் சாயங்காலமே கடைக்குப் போன் போட்டு முன்பதிவு செய்துவிட்டார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அறிவிப்பு வந்த அன்றே பழைய மெஷினை விற்றுவிட வேண்டும். மறுநாள் அதை யாரும் சீந்தமாட்டார்களாம். மாமா சட்டத்தை மதிப்பவர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பழையது போய்விட்டது. ஒரு மழலையர் பள்ளி மியூசிக் டீச்சர் ஆட்டோவில் வந்து வாங்கிக்கொண்டு போனார். புதியது கடைக்கு வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை கீபோர்டே இல்லாத கீபோர்டுக்காரர், இன்னும் வராத கீபோர்டைப் பற்றி, ராப்பகலாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கச்சேரிக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டார்.

"புதுசு வர்ற தேதியும் என் நிகழ்ச்சித் தேதியும் ஒண்ணுங்க" என்றாள் அக்கா. "அப்புறம் எப்ப பாட்டு போடுவீங்க?"

"மன்றத்துல சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லேன்."

அக்கா குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட்ட தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். அதற்கு மேல் தம்பிக்காரன் என்ன செய்ய முடியும்?

நாலாம் நாள் டீச்சர் போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, குரூப்புக்கென்றே வைத்திருந்த இரண்டாவது போனில் பதில் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். உள்ள இருபத்து மூணு பாட்டு இருக்கு. எல்லாமே நாப்பது செகண்டுல நின்னு போயிடுது. மெஷின்ல ஏதாவது கோளாறா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்காமல் இருக்கச் சுவரைப் பார்த்தேன்.

"மெஷின்லாம் நல்லாத்தாங்க இருக்கு" என்றார் மாமா. "அது சும்மா போட்டுப் பார்த்தது. அழிச்சிடுங்க."

"நிஜமாவா சார்? பதினேழு ரொம்ப நல்லா இருக்கு."

"எல்லாம் குப்பைங்க. அழிச்சிடுங்க."

அக்காவின் சிரிப்பு நின்றது. போனை வாங்கி, "டீச்சர், அழிக்காதீங்க. கால்ல மிதிக்கிற பெடலை இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க, நான் கொண்டு வந்து தர்றேன்" என்றாள். மாமாவிடம் திரும்பி, "அந்தப் பதினேழு உங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோயேன்" என்றார், தலையைத் தூக்காமல். அந்த நேரம் குரூப்பில் புது மெஷினின் கட்டை மரமா பிளாஸ்டிக்கா என்று ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

பெடலைக் கொடுக்கப் போன அக்கா, பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். அடுத்த தடவை என்னையும் கிடாரோடு இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் வீட்டு முன்னறையில் குட்டி நாற்காலிகளும் ஒரு கூடை நிறையக் கிலுகிலுப்பையும் இருந்தன. நடுவில் மாமாவின் பழைய மெஷின், சாப்பாட்டு மேஜை மேல். வழவழப்பான டைல்ஸ் தரை. மிதிக்க மிதிக்கப் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடும், டீச்சர் காலை நீட்டித் துழாவுவார். நாங்கள் போன முதல் நாளே அதற்குக் கீழே கால்மிதியைப் போட்டுப் பார்த்தோம். கால்மிதியும் சேர்ந்து ஓடியது.

"எப்படிங்க முடிக்கறது? நாப்பது செகண்டுக்கு மேல அவரே போகலையே" என்று அக்கா கேட்டாள்.

"எங்க பள்ளிக்கூடத்துல பாட்டு முடிஞ்சாத்தான் பிள்ளைங்க சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம்" என்றார் டீச்சர். "முடிக்கத் தெரியலைன்னா என்னைக் கடிச்சிடுவாங்க."

ஏழு சாயங்காலத்தில் முடித்தார்கள். மாமா போட்ட நாற்பது விநாடியில் ஒரு மயிரிழையைக்கூட மாற்றவில்லை. அதன் பிறகு அக்கா குரல் தொடங்கும். வார்த்தை அக்காவே எழுதியது. மாடியில் துணியைக் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. டீச்சர் கை மாமா கை மாதிரி இல்லை. கொஞ்சம் தடித்த கைதான். ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது.

நிகழ்ச்சி நாள் வந்தது. அன்றே கடைக்குப் புது மெஷினும் வந்தது. "அரை மணி நேரம். தொட்டுப் பார்த்துட்டு நேரா மன்றத்துக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மேடையில் திரை விலகும்போது அவருக்கு வைத்திருந்த நாற்காலியில் அக்காவின் கைப்பை இருந்தது. அக்கா அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

கடையில் நடந்ததைப் பேங்க் மேனேஜர் பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு மெஷினைச் சுற்றிப் பதினெட்டுப் பேர். ஒருவர் எடை பார்க்கத் தூக்கிப் பார்க்கிறார். ஒருவர் குமிழை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். வாசித்தவர் யாரும் இல்லை. அப்போது குரூப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்து விழுந்தது. மன்றத்தில் ஒலி பார்த்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர், விளக்கம் ஒன்றும் எழுதாமல் அனுப்பியது. கம்பெனிவரை ஆள் பிடித்து வைத்திருப்பவர் என்று அவருக்குப் பெயர் உண்டு. "பார்த்தீங்களா, நமக்கு முன்னாடியே வாங்கி வாசிச்சுட்டான்" என்று எல்லோருக்கும் வயிறு எரிந்தது. மாமா வழக்கம்போலப் பத்து விநாடி காதில் வைத்துக் கேட்டார். கேட்ட கையோடு தட்டிவிட்டார். மேனேஜர் எனக்கு அனுப்பிய அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"இதுதான் சவுண்ட். இந்த வயலினில் இருக்கிற உயிர் என் பழைய மெஷினில் தலைகீழாக நின்றாலும் வந்திருக்காது. காத்திருந்தது வீண் போகவில்லை."

இருபத்தாறு கட்டைவிரல் விழுந்தது.

கடைப் பையன்களுக்கு இந்த அவசரமெல்லாம் பழக்கமில்லை. அவர்களில் ஒருவர், "சார், நல்லா இருக்கே, முழுசாப் போடுங்களேன்" என்று மாமாவின் போனைக் கடையின் பெரிய ஸ்பீக்கரில் இணைத்துவிட்டார். பத்து விநாடி போயிற்று, இருபது போயிற்று. மாமா தலையை ஆட்டிக்கொண்டே பக்கத்திலிருப்பவருக்கு அந்த வயலினை விளக்கிக்கொண்டிருந்தாராம். நாற்பதாவது விநாடி வந்தது. பாட்டு நிற்கவில்லை. அக்கா பாட ஆரம்பித்தாள்.

"யாருங்க இது, இவ்வளவு நல்லாப் பாடறாங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார் என்றார் மேனேஜர்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நல்ல சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. பத்தொன்பது வருஷத்துக்குச் சேர்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆட்டோவிலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அது எந்த மெஷின்?"

"நீங்க வித்தது" என்றாள் அக்கா.

மாமா கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார் பாருங்கள், அதைக் கேட்டதும் நான் கொண்டு வந்த நாலு வார்த்தையும் எங்கேயோ போய்விட்டது.

"ட்யூன் யாரு போட்டது?"

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள் போல. கேலி இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"அதுவும் அந்த மெஷினுக்குள்ளதான் இருந்துது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள்.

மாமா பாட்டை முதலிலிருந்து போட்டார். நாலு நிமிஷம். முழுசும் கேட்டார். மறுபடியும் போட்டார். அக்கா துண்டோடு வந்ததும், "கடைசியில போய் நிக்குதே, அது யாரு?" என்றார்.

"டீச்சர்."

"முடிவு நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு பாட்டின் முடிவைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது.

"இன்னும் இருபத்து ரெண்டு இருக்கு" என்றாள் அக்கா. "வியாழக்கிழமை டீச்சர் என்னையும் தம்பியையும் வரச் சொல்லியிருக்காங்க."

தன்னைக் கூப்பிட்டார்களா என்று மாமா கேட்கவில்லை. கேட்கமாட்டாரா என்று அக்காவும் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"வேணும்னா நீங்களும் வாங்க. அந்தப் பெடல் வழுக்கிட்டே ஓடுது. பிடிச்சுக்க ஆள் வேணும்."

வியாழக்கிழமை மாமா வந்தார். டீச்சர் மூன்றாம் பாட்டை எடுத்தார். இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கும் மனிதர் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பெடலைப் பிடித்துக்கொண்டார். புல்லாங்குழல் வந்த இடத்தில் வாயைத் திறக்கப் போனார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நாற்பது விநாடியைத் தாண்டினோம். அவர் சட்டைப்பையில் போன் மூன்று தடவை அதிர்ந்தது. டீச்சர் முடிக்கும்வரை அவரால் கையை எடுக்க முடியவில்லை.