இறகு பிடுங்கிய டைனோசர்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, சிதம்பரத்தில் நடந்த அறிவியல் கண்காட்சிக்காக ஒரு டைனோசர் செய்தாள். கம்பியை வளைத்துக் காகிதக் கூழ் பூசிக் காயவைத்த பிறகு, "அப்பா, கறிக்கடையில கோழி இறகு கேட்டு வாங்கியாறியா?" என்றாள்.

"டைனோசருக்கு எதுக்கும்மா இறகு?"

"சீனாவுல கெடச்ச கல்லுல இறகுத் தடம் அப்படியே பதிஞ்சிருக்குப்பா. எல்லா டைனோசருக்கும் கெடையாது. நான் செய்யறதுக்கு உண்டு."

கடலூரில் எங்கள் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கறிக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பிராய்லர் இறகு வெறும் வெள்ளை சார். நாட்டுக்கோழி அறுக்கும்போது எடுத்து வெக்கிறேன்" என்றார். சொன்னபடியே ஒரு பை நிறையக் கொடுத்தார். சோப்புத் தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் உலர்த்தி, ஒவ்வொன்றாக ஒட்டினாள் மகள். வீடெல்லாம் இறகு பறந்தது. சாம்பாரில்கூட ஒன்று கிடந்தது. அவள் அம்மா திட்டிக்கொண்டே கழுத்துப் பக்கம் ஒட்டிக் கொடுத்தாள்.

கண்காட்சியன்று பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மதியம் வரை பெற்றோரை உள்ளே விடவில்லை. கதவு திறந்ததும் போய்ப் பார்த்தால், மேசைமேல் மொட்டையாக ஏதோ பல்லி போல நின்றது. பிடுங்கிய இடமெல்லாம் பசை திட்டுத் திட்டாக இருந்தது. இறகுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் காலடியில் வைத்திருந்தாள்.

"நடுவரா வந்த சார் சிரிச்சாருப்பா. டைனோசர் கேட்டா கோழிய கொண்டாந்திருக்க, இதெல்லாம் பிச்சுட்டு வையி, அப்பத்தான் மார்க்குன்னாரு. கல்லுல பதிஞ்சிருக்குன்னு சொன்னேன். கேக்கல."

அந்த மொட்டை டைனோசருக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அதே சார்தான் மேடையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் டைனோசர் பேச்சையே எடுக்கவில்லை. பேப்பரில் வந்த செய்திகளை வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். மடிப்புக் கலையாமல் கிடந்தன. காமர்ஸ் எடுத்தாள். இப்போது பெங்களூரில் வேலை, நன்றாகத்தான் இருக்கிறாள்.

நான்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். புதைபடிவ இறகில் மிஞ்சிய நுண்துகள்களை வைத்து இப்போது நிறத்தையே சொல்லிவிடுகிறார்கள். ஒரு சின்ன டைனோசருக்கு வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தனவாம்.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அந்த நடுவர் உட்கார்ந்தார். ஓய்வு பெற்றுக் குமராட்சியில் இருக்கிறாராம். நான் யாரென்று சொன்னதும் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்புறம் நானே பசங்களுக்கு அந்தப் பாடம் நடத்துனேன் சார், இறகு இருந்துச்சுன்னு. நடத்தும்போதெல்லாம் அந்தப் பொண்ணு ஞாபகந்தான். ஒரு போன் போட்டுத் தர்றீங்களா?"

கை கழுவிவிட்டு, மண்டபத்து வாசலில் நின்று ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும்."

"பரிசு வாங்குனது ஞாபகம் இருக்கு சார்," என்றாள். "இறகெல்லாமா ஒட்டியிருந்தேன்?"

நிஜமாகவே கேட்டாள். பிறகு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

"அவ திட்டுவான்னு நெனச்சேன் சார்," என்றார் அவர். திட்டியிருக்கக் கூடாதா என்றுதான் எனக்கும் இருந்தது. அவரை மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடலூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.